மீதியை வெள்ளித்திரையில் காண்க

சென்ற கோடை விடுமுறையில் நம் கிளப் ஹவுஸில் பிள்ளைகளுக்காக 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படம் போட்டோம். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே பார்த்திருந்த ஒரு பையன் கடைசியில் யார் இறந்துபோகிறார் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அழுதான், இன்னொருவன் கையை ஓங்கினான். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர்கள் ஆடிய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் சண்டை ஒன்றுமே இல்லை. இனிமேல் கிளப் ஹவுஸில் படமே போடக் கூடாது என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. வாக்களிக்கும் முன் கொஞ்சம் பழைய கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் சொந்த ஊர் ஒடுகத்தூர். வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரம், உத்திரகாவிரிக் கரை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். பீஞ்சமந்தை, பாலாம்பட்டுப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டு இறங்குகிறவர்களுக்கு அதுதான் கடைவீதி. சந்தைக்கு வந்தவர்களில் சிலர் சரக்கை விற்ற காசில் இரவு டூரிங் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு, விடிந்த பிறகு மலையேறுவார்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று மூன்று வகுப்பு. தரையில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கிருந்தாலும் ஓடுவோம்.

அந்தக் காலத்தில் படப்பெட்டி முதலில் பெரிய நகரங்களுக்குப் போகும், பிறகு வேலூர் போன்ற ஊர்களுக்கு. 'சி சென்டர்' எனப்பட்ட எங்கள் கொட்டகைகளுக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் கதை ஊருக்கே தெரிந்திருக்கும். பாட்டுப் புத்தகம் காலணாவுக்கோ ஓரணாவுக்கோ கிடைத்தது. அதன் முதல் பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை முறுக்கேறும் இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். முடிவைச் சொல்லாதீர்கள் என்று எண்ட்கேம் இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் 2019இல் உலக ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்களே, அதை நம் பாட்டுப் புத்தகக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முடிவு தெரிந்துவிட்டதே என்று அன்று யாரும் அழவில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு, 'பராசக்தி' வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், திரையில் சிவாஜி பேசும்போது கூடவே பேசியவர்கள் உண்டு. அவர்கள் கொட்டகைக்குப் போனது என்ன நடக்கும் என்று அறிய அல்ல. தெரிந்ததை நூறு பேரோடு சேர்ந்து அனுபவிக்கத்தான் போனார்கள்.

அன்றைய சண்டை வேறு காரணத்துக்காக வந்தது: யார் பெரியவர்? அதற்கு 1954ஐவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. அந்த ஆண்டு 'மனோகரா' சிவாஜியையும் 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆரையும் உச்சியில் வைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று இருவரும் சேர்ந்து நடித்த 'கூண்டுக்கிளி' வெளியானது. கதை விந்தன், இயக்கம் டி.ஆர்.ராமண்ணா. இன்று நான்கைந்து சூப்பர் ஹீரோக்களை ஒரே படத்தில் இறக்குவதற்குச் சமமான காரியம் அது. கூட்டம் அலைமோதும் என்று எதிர்பார்க்காமல் எப்படி இருந்திருப்பார்கள்?

படம் தோற்றது. கதையில் எம்.ஜி.ஆர். நல்லவரான தங்கராஜ். சிவாஜி ஏற்ற ஜீவாவோ, நண்பன் சிறையில் இருக்கும்போது அவன் மனைவியை அடைய நினைப்பவன். சிவாஜி ரசிகர்களுக்குத் தங்கள் ஆள் கெட்டவனாக வருவது பொறுக்கவில்லை. எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கோ தங்கள் ஆள் வாள் வீசாமல் துன்பப்படுவது பிடிக்கவில்லை. கைதட்ட வந்த இரண்டு கூட்டமும் எதிரெதிரே நின்றது. எங்கள் பக்கம் இந்தப் படம் வந்தபோது கொட்டகைக்காரர் நடுவில் ஒரு வழி விட்டு இரு பக்கமாக உட்காரவைத்தார் என்று என் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். இதில் இன்னொரு வேடிக்கை: அதே ஆகஸ்ட் 26 அன்றுதான் சிவாஜியின் 'தூக்குத் தூக்கி'யும் வெளியாகி நன்றாக ஓடியது. தனியாக வந்த சிவாஜியைக் கொண்டாடியவர்கள், சேர்ந்து வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஒரே படத்தில் நடிக்கவே இல்லை. காரணம் பல இருக்கலாம். ரசிகர்கள் நடுவில் போட்ட கோடு அதில் முக்கியமானது. சேர்வதற்குப் பதில் ஒரே நாளில் மோதுவதே வழக்கமாயிற்று. 1964 பொங்கலன்று 'கர்ணன்', 'வேட்டைக்காரன்' இரண்டும் வந்தன. அடுத்த தலைமுறையில் ரஜினியும் கமலும் 'அபூர்வ ராகங்கள்' தொடங்கிப் பல படங்களில் சேர்ந்து நடித்தார்கள். பிறகு இனித் தனித்தனியே நடிப்போம் என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் எதிரெதிரே நின்றன.

பக்கத்து மாநிலத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1998இல் மம்மூட்டியும் மோகன்லாலும் சேர்ந்து நடித்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' வந்தது. நாயகி யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில் இருவர் ரசிகர்களையும் திருப்திப்படுத்த வேண்டுமே! ஒரு பிரதியில் ஒருவரை, இன்னொரு பிரதியில் மற்றவரைத் தேர்ந்தெடுப்பதாக இரண்டு முடிவுகளோடு படத்தை அனுப்பினார்கள். ரசிகனுக்கு அஞ்சிக் கதையையே இரண்டாக வெட்டிய கதை அது.

இப்போது 2019க்கு வருவோம். 2008இல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கிய வரிசையில் எண்ட்கேம் 22ஆவது படம். மூன்று மணி நேரத்துக்கும் ஒரு நிமிடம் கூடுதல். ஏப்ரல் 26 அன்று இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கில் வெளியானது. தமிழுக்கு வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். பெரிய நட்சத்திரத்தின் குரல் என்றால் கூட்டம் கூடும் என்பது கணக்கு. கணக்கு வேறு மாதிரி ஆயிற்று. முந்தைய படங்களைத் தமிழில் பார்த்துப் பழகிய ரசிகர்கள், எங்கள் டோனி ஸ்டார்க்கின் பழைய குரலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கொதித்தார்கள். திரையில் அயர்ன் மேன் வாய் திறந்தால் தங்களுக்கு விஜய் சேதுபதிதான் தெரிகிறார் என்பது அவர்கள் குறை. மீம்ஸ் நாள்கணக்கில் ஓடின.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பெயர்கூடத் தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் குரலுக்காகப் பெரிய நட்சத்திரத்தையே வேண்டாம் என்று சொன்ன ரசிகர்கள் அவர்கள். 1954இல் நட்சத்திரத்துக்காகப் பாத்திரத்தை வெறுத்தார்கள். 2019இல் பாத்திரத்துக்காக நட்சத்திரத்தையே மறுத்தார்கள். 65 ஆண்டுகளில் தமிழ் ரசிகன் நடந்து வந்த தூரம் இது.

ஆனால் இது முழுக் கதை அல்ல. அதே 2019 ஜனவரியில் 'பேட்ட', 'விஸ்வாசம்' இரண்டும் ஒரே நாளில் வந்தபோது எங்கள் வேலூரிலேயே ரசிகர்களுக்கிடையே கத்திக்குத்து நடந்தது. 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு' அதிகாலைக் காட்சியின்போது, சென்னை கோயம்பேட்டில் ஒரு திரையரங்கின் எதிரே லாரி மீது ஏறி ஆடிய 19 வயது இளைஞர் கீழே குதித்து அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். எண்ட்கேம் வந்த வாரத்தில் ஹாங்காங்கில் ஒரு திரையரங்குக்கு வெளியே முடிவைக் கத்திச் சொன்னவரை அடித்தார்கள் என்று செய்தி வந்தது. நம் கிளப் ஹவுஸில் ஓங்கிய கை அந்தப் பையனுக்கு மட்டும் வந்த கோபம் அல்ல.

அதனால்தான் தடை வேண்டாம் என்கிறேன். பிள்ளைகள் அவரவர் அறையில், அவரவர் கைப்பேசியில், காதில் கருவி மாட்டிக்கொண்டு படம் பார்த்தால் சண்டை வராது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் அழுகிறவனைப் பொறுத்துக்கொள்ளவும், தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளவும், தனக்குப் பிடிக்காத நாயகனுக்கு அடுத்தவன் கைதட்டுவதைச் சகித்துக்கொள்ளவும் அவர்கள் எங்கே கற்பார்கள்? எங்களுக்கு அதைக் கொட்டகை மணல் கற்றுக்கொடுத்தது. அடியும் திட்டும் வாங்கித்தான் கற்றோம் என்றாலும் கற்றோம். லாரி மேல் ஏறும் வயது வருவதற்குள் நம் பிள்ளைகளும் அதைக் கற்றிருக்க வேண்டும்.

பொதுக்குழுவில் நான் முன்வைக்கப்போவது மூன்று விஷயங்கள். மாதம் ஒரு படம் தொடரட்டும்; எந்தப் படம் என்பதைப் பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்யட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஏ பிளாக்கிலிருந்து ஒருவர், பி பிளாக்கிலிருந்து ஒருவர் என இரண்டு பெரியவர்கள் கூட உட்காரட்டும். ஏற்கெனவே பார்த்தவர்கள் கதையை எதுவரை சொல்லலாம் என்பதற்குப் பாட்டுப் புத்தகக்காரர்களின் விதியே இருக்கட்டும். அதை ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டும் வேலையை அன்று முடிவைச் சொன்ன பையனிடமே ஒப்படைத்திருக்கிறேன். ஒப்புக்கொண்டான். ஓங்கிய கைக்காரன்தான் பசை கொண்டு வருகிறான்.