யார் கட்டும் வரி அதிகம்?



பட்ஜெட் வந்தால் நம் தொப்பூர் டீக்கடையிலும் வருமான வரிதான் பேச்சு. கம்பெனி வரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் இந்தச் சின்ன வரலாறு.

1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். பிறகு படிப்படியாக இறங்கியது. 1997 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அதை 40இலிருந்து 30 ஆக்கினார். உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 35. அன்று கம்பெனிக்கே விகிதம் அதிகம்.

2019 செப்டம்பரில் நிர்மலா சீதாராமன், மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாகக் குறைத்தார். முதலீடும் வேலையும் பெருகும் என்பது அரசின் வாதம். தனிநபருக்கு உச்ச விகிதம் 30இலேயே நின்றது.

2023-24இல் கம்பெனி வரி வசூல் சுமார் 9.1 லட்சம் கோடி ரூபாய். தனிநபர் வரி சுமார் 10.4 லட்சம் கோடி.

அடுத்த பட்ஜெட்டில் இரண்டு கணக்கையும் பாருங்கள், பிள்ளைகளே.