ஆராய்ச்சி மணியும் வீதி நீதியும்

வீதி ஊருக்குப் பொதுவானது. தேரேறிச் செல்வோனுக்கும் தலைச்சுமையோடு நடப்போனுக்கும் அதில் ஒத்த உரிமை உண்டு. ஆயின் இவ்விருவரும் ஒத்த வலிமை உடையவரல்லர். ஊர்தியிற் செல்வோன் தவறினும் மடிவோன் நடப்போனே. நடப்போன் தவறினும் மடிவோன் அவனே. இவ்வேற்றத்தாழ்வை அரசும் ஊரும் காலந்தோறும் எவ்வாறு சீர்செய்ய முயன்றன என்பதே வீதிப் பாதுகாப்பின் வரலாறாகும். ஈழத்தையும் தமிழகத்தையும் முதன்மையாகக் கொண்டு, பிறநாட்டுச் செய்திகளை வேண்டுமிடத்துத் துணையாகக் கொண்டு, அவ்வரலாற்றை நோக்குவது பயனுடைத்து.

ஈழநாட்டில் இதுபற்றிய பழஞ்செய்தி எல்லாளன் காலத்ததாகும். சோழநாட்டினின்றும் வந்து, அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சி செய்த இம்மன்னன், தன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, முறைவேண்டி வருவோர் எவரும் இழுத்து அடிக்கத்தக்கவாறு அதற்கு நீண்ட கயிறொன்றையும் அமைத்திருந்தான் என மகாவம்சம் கூறும். அவனுடைய மைந்தன் திஸ்ஸவாவிக்குத் தேரேறிச் சென்றபோது, வழியில் தாய்ப்பசுவோடு கிடந்த இளங்கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. பசு வந்து மணியை அடித்தது. மன்னன் அச்சக்கரத்தினாலேயே மைந்தனின் தலையைத் துணித்தான். திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாறாகச் சேக்கிழார் பெரியபுராணத்துட் பாடியதும் இதனையொத்த கதையே. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் புகழ்பாடும் நூலே எல்லாளனின் நடுநிலைமையையும் போற்றியிருத்தல் குறிப்பிடத்தக்கது.

இக்கதை நடந்த நிகழ்ச்சியா, அறமுரைக்க எழுந்த புனைவா என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டுவதன்று. அதனுட் பொதிந்த நீதிக் கொள்கையே நோக்கத்தக்கது. அது இரு கூறுகளை உடையது. விசையோடு செல்லும் வலியவனே பொறுப்பாளன் என்பது ஒன்று. கன்று ஏன் வீதியிற் கிடந்தது என்று மன்னன் வினவவில்லை. வாயற்ற உயிருக்கும் எட்டும் இடத்தில் மணிக்கயிறு இருந்தது என்பது மற்றொன்று. பொறுப்பு வலியவனிடத்தும் மணிக்கயிறு எளியவனிடத்தும் இருந்தாலன்றி வீதியில் நீதி நிலைக்காது. பின்வந்த காலத்துச் செய்திகளை அளப்பதற்கு இவ்விரண்டுமே தக்க அளவுகோல்களாம்.

இலங்கையின் இக்காலப் பெருவீதிகளுக்கு அடிகோலியவர் ஆங்கிலத் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ். அவர் காலத்தில் அமைந்த கொழும்பு–கண்டி வீதி கேகாலை, மாவனல்லை வழியாகச் சென்று கடுகண்ணாவை மலையில் ஏறிற்று. அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. 1832 இல் இவ்வீதியிற் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. மலையை வெட்டிக் கல்லுடைத்தவரோ இராசகாரிய முறையிற் கட்டாய ஊழியம் செய்த குடிமக்கள். அவர்தம் பெயரை அறிவார் இலர். படையும் பண்டமும் விரைந்து செல்லுதற்கென்றே அவ்வீதி அமைந்தது. நடப்போர்க்கென ஓரத்தில் ஒரு சாண் நிலமும் வகுக்கப்படவில்லை.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது மற்றொரு நடைப்பயணம் தொடங்கிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையாலும் பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். 1914 ஆம் ஆண்டிற் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்தபின்னரே தோட்டத்துக்கு வருவோரின் பயணம் எளிதாயிற்று. மலையகத்தின் வரலாறு வீதியில் நடந்தவர்களின் வரலாறாகவே தொடங்கிற்று எனின் அது மிகையாகாது.

இந்நிலையில் உலகிற் புதியதோர் ஊர்தி தோன்றிற்று. இயந்திர வண்டியைக் கண்டு முதலில் அஞ்சியது இங்கிலாந்தே. 1865 ஆம் ஆண்டின் சட்டம் அதன் வேகத்தை ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல் என வரையறுத்தது. வண்டியின் முன்னே ஒருவன் சிவப்புக்கொடி ஏந்தி நடத்தல் வேண்டும் என்றும் விதித்தது. இது நகைப்புக்கிடமானதாக இன்று தோன்றலாம். ஆயினும் பொறுப்பு வண்டியினுடையதே என்னும் பழங்கொள்கை அதில் உயிரோடிருந்தது. முன்னே ஆள் நடக்கும் விதி 1896 இல் முற்றாக நீங்கிற்று. அவ்வாண்டிலேயே இலண்டனிற் பளிங்கு மாளிகையின் அருகே நடந்து சென்ற பெண்மணி ஒருவர் மோட்டார் வண்டி மோதி இறந்தார்.

1930 இல் அந்நாடு மோட்டார்க் கார்களுக்கான வேக வரம்பையே நீக்கிப் பார்த்தது. 1934 ஆம் ஆண்டில் வீதிகளில் இறந்தோர் தொகை 7,343 ஆயிற்று. அவருட் பாதியளவினர் நடந்து சென்றோர். அதன்பின்னரே குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் வரம்பும், சாரதிகளுக்குத் தேர்வும், நடப்போர்க்குக் கடவைகளும் வந்தன. வேகம் இருமடங்காயின் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. எச்சரிக்கைப் பலகைகளும் அறிவுரைகளும் இவ்விதியை மாற்றமாட்டா. நடப்போரைக் காக்கும் முதல் வழி ஊர்தியின் வேகத்தைக் குறைத்தலேயாம்.

இலங்கையில் வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையாயுள்ளது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அதற்கு முன்னர்த் தனியார் கம்பனிகள் பயணிகளுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடின. 1970 களின் பிற்பகுதியிற் தனியார் பஸ்கள் மீண்டும் இடம்பெற்றபோது அப்போட்டியும் மீண்டது. சாரதியின் அன்றைய வருமானம் ஏற்றும் பயணிகளின் தொகையிற் தங்கியிருக்குமாயின், அவன் வேகத்தைக் குறைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது எளிதன்று. கேகாலை மாவட்டத்துக்கு அயலிலுள்ள பொல்காவலைப் பகுதியில் யாங்கல்மோதரை இரயிற் கடவையில் 2005 ஏப்பிரல் 27 ஆந் திகதி பஸ் ஒன்று புகையிரதத்தோடு மோதி முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 மே 11 ஆந் திகதி றம்பொடையை அடுத்த கெரண்டி எல்லையிற் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய பெருவிபத்துக்களை நாடு நினைவிற் கொள்கின்றது. நாளொன்றுக்கு ஒருவராகவும் இருவராகவும் வீதியோரத்தில் மடியும் பாதசாரிகளை எவரும் நினைப்பதில்லை. நாடு முழுவதும் ஆண்டுதோறும் வீதிகளில் இறப்போர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டுகின்றது.

1998 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையொன்றும் அமைந்தது. சட்டமும் சபையும் வேண்டியனவே. எனினும் அவை தலைநகரில் இருப்பன. வளைவில் நின்று வீதியைக் கடக்கும் சிறுமிக்கும் அவற்றுக்குமிடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைக் குறைப்பது ஊர்மக்களின் முயற்சியும் உள்ளூராட்சி மன்றங்களின் முயற்சியுமேயாம்.

இதற்கு நெதர்லாந்து நல்ல சான்றாகும். 1971 ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர். மகளை விபத்திற் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972 இல் எழுதிய கட்டுரை பெற்றோரைத் திரட்டியது. பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அவ்வியக்கத்தின் பெயராயிற்று. தாய்மார் பிள்ளைகளோடு வீதிகளை மறித்து அமர்ந்தனர், நகரசபைகளை வற்புறுத்தினர். குடியிருப்பு வீதிகளில் ஊர்திகள் மனித நடையின் வேகத்திற் செல்லத்தக்கவாறு வீதியின் அமைப்பையே மாற்றும் முறை அங்கே பரவியது. எல்லாளனின் மணியை அந்நாட்டிற் பெற்றோர் அடித்தனர் எனலாம்.

தமிழகத்திற் சென்னை மாநகராட்சி இவ்வழியிற் செய்த முயற்சி அறியத்தக்கது. 2014 ஆம் ஆண்டில் அம்மாநகராட்சி, நடப்போர்க்கும் சைக்கிளிற் செல்வோர்க்கும் முதலிடம் வழங்கும் கொள்கையொன்றை ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் நிதியில் 60 சதவீதத்தை இவர்களுக்காகவே செலவிடுதல் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பல வீதிகளில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன. தியாகராய நகரிலுள்ள பாண்டி பசாரில், முதலில் ஒத்திகையாக ஊர்திகளின் இடத்தைக் குறைத்து மக்களின் கருத்தறிந்தனர். பின்னர் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதையோடு கூடிய வீதியாக அது திறக்கப்பட்டது. நடப்போரை ஓரத்துக்குத் தள்ளி வீதியை அகலமாக்குவது ஒருகாலத்து முறை. ஊர்தியின் இடத்தைச் சுருக்கி நடப்போர்க்குக் கொடுப்பது அதற்கு நேர்மாறான முறை. வணிகம் மிக்க கடைவீதியிலும் இது கைகூடும் என்பதை அவ்வீதி காட்டியது.

தமிழ்நாடு முழுவதையும் நோக்கினால் எச்சரிக்கை கிடைக்கும். 2016 ஆம் ஆண்டில் அம்மாநில வீதிகளில் இறந்தோர் 17,218 பேர். விபத்து மிகும் இடங்களைச் சீர்செய்தும், விதிமீறிய சாரதிகளின் அனுமதிப்பத்திரங்களை இடைநிறுத்தியும், அடிபட்டோர்க்கு விரைந்து மருத்துவம் அளித்தும் வந்தனர். ஆயினும் 2022 இல் இறந்தோர் தொகை 17,884 ஆயிற்று. காவல் இடைவிடாது வேண்டும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இனி, இச்செய்திகளைச் சப்பிரகமுவ மாகாணத்தோடு பொருத்திக் காண்போம். கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய வழியாகக் கரவனெல்லை செல்லும் வீதி, அங்கே அவிசாவளை–நுவரெலியா வீதியோடு இணைகின்றது. தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சரிவுகளினூடே வளைந்து செல்லும் இத்தகைய வீதிகளில் ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். இடையே பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் செல்ல, எஞ்சிய விளிம்பிற் பள்ளிச் சிறுவரும் கொழுந்துக் கூடையோடு பெண்களும் நடக்கின்றனர். மழைக்காலத்தில் விளிம்பு வடிகானாகிவிட, அவர்கள் வீதியின் நடுவுக்கே வரவேண்டியுள்ளது. வீதியோரமாக நடவுங்கள் என்று கற்பிக்கும் ஆசிரியர், அவ்வோரம் எங்கே உள்ளது என்றும் காட்டவேண்டியவராகின்றார்.

நகரத்தில் நடைபாதை பிந்தி வந்தமைக்குப் பணமின்மை காரணமாகலாம். தோட்டப் பகுதியில் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1937 ஆம் ஆண்டளவிற் கிராமச் சபைச் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம், லயங்களில் வாழ்ந்த தொழிலாளரைக் கிராமச் சபை வாக்குரிமையினின்றும் விலக்கியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்குறை முற்றாகத் தீரப் பின்வந்த சட்டங்களும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் சட்டமும் வேண்டியிருந்தன. 1987 இல் வந்த பிரதேச சபைச் சட்டமும் தோட்ட எல்லைக்குட் பொதுப்பணம் செலவிடுவதற்குத் தடையாகவே கொள்ளப்பட்டது. 2018 ஆம் ஆண்டின் திருத்தமே அத்தடையைத் தளர்த்தியது. லயத்திலிருந்து பெருவீதிவரை செல்லும் பாதை கம்பனியின் பாதை. பெருவீதி அரசின் வீதி. இரண்டுக்குமிடையே நடப்போர்க்கு முறையிட ஓரிடமும் இல்லாதிருந்தது. மணிக்கயிறு அவர்கள் கைக்கு எட்டாமையே உண்மைக் குறை என்க.

இன்று அக்கயிறு எட்டும் தூரத்துக்கு வந்துள்ளது. அதனைப் பற்றி இழுப்பது கற்றோரின் கடமை. செய்யத்தக்கவை பெருஞ்செலவின அல்ல. பாடசாலை வாயில் ஒவ்வொன்றிலும் மஞ்சட் கடவையும், அதற்கு முன்னே ஊர்திகளின் வேகத்தைத் தணிக்கும் மேடும் அமையலாம். வடிகான்களை மூடியிட்டால் அதுவே நடைபாதையாகும். பஸ் நிறுத்தங்களை வளைவுகளினின்றும் அகற்றலாம். காலையிலும் மாலையிலும் மூத்த மாணவரும் பெற்றோரும் கடவையில் நின்று சிறுவரைக் கடத்திவிடலாம். எவ்விடத்தில், எந்நேரத்தில், எவர் அடிபட்டனர் என்பதைப் பாடசாலையும் சனசமூக நிலையமும் ஆண்டுதோறும் குறித்துவைத்தால், பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அதுவே மறுக்கமுடியாத மனுவாகும். வாய்மொழி முறைப்பாடு மறைந்துபோம். எழுதிவைத்த கணக்கு நிலைத்து நிற்கும்.

மன்னர் காலத்தில் நீதி ஒருவனுடைய நெஞ்சத்திற் தங்கியிருந்தது. மக்களாட்சியில் அது பலருடைய விழிப்பிற் தங்கியுள்ளது. சாரதி பிரேக்கை அழுத்துவதும், சபை உறுப்பினர் நடைபாதைக்கு நிதி ஒதுக்குவதும், ஆசிரியர் கணக்கெழுதுவதும் ஒரே அறத்தின் வெவ்வேறு வடிவங்கள். காலையிற் பாடசாலைக்கு நடந்துசென்ற பிள்ளை மாலையில் வீடுதிரும்புவதே அவ்வறத்தின் பயனாகும்.