அவையும் அன்னையும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, வரலாறு பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். யான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, பார்சல் சீட்டுகளோடும் பேரேடுகளோடும் காலங்கழிப்பவன். ஆயினும் சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னைப் பல இரவுகள் நூல்களைப் புரட்ட வைத்தது. அதன் பயனே இக்கட்டுரை.

நிகழ்ச்சி இது. வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது. தலைமை விருந்தினர் மேடையில் வீற்றிருந்தார். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த இளந்தாய் ஒருவர், அழத் தொடங்கிய கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பாலூட்டினார். குழந்தை அடங்கிற்று. ஆனால் குழுவினர் சிலருடைய முகம் சுளித்தது. "பெரிய மனிதர் எதிரில் இதென்ன? வெளியே போகச் சொல்லுங்கள்" என்றார் ஒரு மூத்தவர். அச்செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவன் யானே. "தங்கச்சி, கொஞ்சம் வெளியே போய்..." என்று இழுத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே நாற்காலி இல்லை, விளக்கும் இல்லை, மிதிவண்டிகள் நிறுத்தும் இடந்தான் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அன்று மாலை அவருடைய மூத்த மகள் ஆடிய கும்மியை அவர் காணவில்லை.

மதிப்புக்குரிய சபையில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுதல் தகுமா, தகாதா? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடை யாது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஹிரகணி இறங்கிய மலை

நாம் பிழைக்க வந்த இம்மராட்டிய மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1674ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜி முடிசூடிய இடம் ராய்கட் கோட்டை. அக்கோட்டையின் ஒரு கொத்தளத்திற்கு ஹிரகணி புருஜ் என்று பெயர். ஹிரகணி அரசியல்லள், பால் விற்க வந்த ஓர் ஏழைப் பெண். ஒருநாள் பால் விற்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கோட்டைக் கதவுகள் அடைபட்டன. கைக்குழந்தை அடிவாரத்துக் குடிசையில் பசித்திருக்குமே என்று கதறினாள். விடியுமுன் கதவைத் திறக்க விதியில்லை என்றனர் காவலர். அவளோ இருளில், செங்குத்தான பாறைவழியே இறங்கித் தன் குழந்தையை அடைந்தாள். செய்தியறிந்த மன்னர் அவளைத் தண்டிக்கவில்லை, பாராட்டினார். அவள் இறங்கிய இடத்தில் கொத்தளம் கட்டி அவள் பெயரையே இட்டார் என்பர்.

இது செவிவழிக் கதையே. எனினும் தலைமுறை தலைமுறையாக ஒரு நாட்டு மக்கள் போற்றிவரும் கதைக்கு ஒரு பொருளுண்டு. கதவைச் சாத்திய காவலர் கொடியவர் அல்லர்; விதியைக் காத்தவர். அவ்விதியை வகுத்தபோது பால்குடி மறவாத குழந்தையை நினைத்தவர் எவருமில்லை என்பதே குறை. சென்ற ஆண்டு நம் மண்டபத்தில் யான் ஏற்ற வேலையும் அக்காவலர் வேலைதான் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இன்று மகாராஷ்டிரப் பேருந்து நிலையங்களிலும் அலுவலகங்களிலும் தாய்மார் பாலூட்டும் அறைகளுக்கு ஹிரகணியின் பெயரே வழங்குகிறது. நம்மில் பலர் அப்பெயர்ப் பலகையைப் பார்த்திருப்போம், பொருளறியாமல் கடந்திருப்போம்.

முன்னோர் கண்ட காட்சி

இனி நம் தாயகத்தை நோக்குவோம். சீகாழிக் குளக்கரையில் பசித்தழுத மூன்றாண்டுக் குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலளித்தாள் என்று பெரியபுராணம் கூறும். அக்குழந்தையே திருஞானசம்பந்தர். திருச்சிராப்பள்ளி மலையில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். சோழர்காலச் சிற்பி ஒருவன், யசோதை கண்ணனுக்குப் பாலூட்டும் கோலத்தைச் செம்பில் வார்த்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய அப்படிமம் இன்று நியூயார்க் பெருநகர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழிபாட்டுக்குரிய திருவுருவை அக்கோலத்தில் அமைக்க அவன் கூசவில்லை. அதனைக் கண்டோரும் கூசியிருக்க வேண்டுவதில்லை.

இதனால் பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று யான் கூற வரவில்லை. தெய்வத்தாயைப் போற்றிய நாடு, மண்ணுலகத் தாயை எப்போதும் மதித்தது என்பதற்குச் சான்றில்லை. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணியவும் உரிமையின்றி வருந்தினர். நெடிய போராட்டத்திற்குப் பின்னரே, 1859ஆம் ஆண்டு அரசாணையால், சான்றார் குலப்பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவு பெற்றனர். அப்போதும் மேற்குலத்தார் போல் அணியலாகாது என்ற தடை நீங்கவில்லை. மறைக்கக்கூடாது என்று சொன்னதும் 'சபை மரியாதை'யின் பெயரால்தான்; இன்று வெளியே போ என்று சொல்வதும் அதே பெயரால்தான். இரண்டிலும் அப்பெண்ணின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

நாணம் மாறிய விதம்

உடைபற்றிய எண்ணங்கள் காலந்தோறும் மாறுவன. இந்தியர்களுள் முதன்முதல் ஐ.சி.எஸ். தேறிய சத்தியேந்திரநாத தாகூருக்கு 1860களில் பம்பாய் மாகாணத்தில் பணி வாய்த்தது. அவர் மனைவி ஞானதாநந்தினி தேவி, பம்பாய்ப் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டு, ரவிக்கையோடு கூடிய புதுமுறையை வங்கத்தில் பரப்பினார். பெண்கள் வெளியுலகிற்கு வந்து சபைகளில் கலக்க அவ்வுடை துணைசெய்தது. அது நன்மையே.

அதே காலத்தில் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் தாய்ப்பாலூட்டுதலை அறவே வெறுத்தார். தம் மகள் ஆலிஸ் தன் குழந்தைக்குத் தானே பாலூட்டுகிறாள் என்றறிந்து, அரண்மனைப் பண்ணையிலிருந்த பசு ஒன்றிற்கு ஆலிஸ் என்று பெயரிட்டார் என்பது வரலாறு. பாலூட்டுதல் உயர்குடிக்கு ஒவ்வாத செயல் என்ற எண்ணம் அத்தகைய மாளிகைகளில் வளர்ந்தது. 'கௌரவம்' என்று நாம் காத்துவரும் எண்ணங்களுள் எத்தனை அம்மாளிகைகளிலிருந்து வந்தனவோ!

இருப்புப்பாதையும் தொழிற்சாலையும்

யான் அறிந்த துறைக்கு வருகிறேன். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதற் பயணி வண்டி ஓடியது. பெண்கள் பெருவாரியாக வண்டியேறத் தொடங்கியபோது புதிய கேள்விகள் எழுந்தன. 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வேச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, ஒவ்வொரு பயணி வண்டியிலும் கடைசி வகுப்புப் பெட்டியறை ஒன்றையேனும் பெண்களுக்கென ஒதுக்கவேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேற்செல்லும் வண்டியாயின் அவ்வறையில் கழிப்பிடமும் வேண்டும் என்றது. பெண்கள் வருவார்கள் என்று ஏற்றுக்கொண்ட பின்னர், அவர்கள் தேவைக்கேற்ப வண்டியை மாற்றினர். வண்டிக்கேற்பப் பெண்களை மாற்ற முயலவில்லை.

தொழிலுலகிலும் இவ்வாறே. 1919ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாள்தோறும் இருமுறை அரைமணி நேரம் அளிக்கவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை நாளுக்கு இரண்டு இடைவேளை வகுத்தது. ஆலையும் அலுவலகமும் ஒப்புக்கொண்ட ஒன்றை, அன்பால் கூடும் சங்கம் ஒப்பலாகாதா?

மன்றங்களில் நிகழ்ந்தவை

இனி, மதிப்பிற் சிறந்த சட்டமன்றங்களைக் காண்போம். 2003ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தில் கர்ஸ்டி மார்ஷல் என்னும் உறுப்பினர், பிறந்து பதினொரு நாளான தம் குழந்தைக்குப் பாலூட்டினார். அவர் வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். காரணம் என்ன? உறுப்பினரல்லாத எவரும் சபைக்குள் 'அந்நியர்' என்பது விதி. பதினொரு நாட் குழந்தை தன் தாயின் மடியில் அந்நியர் ஆகிவிட்டது! அவ்விதி எழுதப்பட்டபோது சபையில் ஆடவர் மட்டுமே இருந்தனர்; குழந்தையை அணைத்த உறுப்பினர் வருவார் என்று எவரும் எண்ணவில்லை. மீண்டும் ராய்கட் கதவே நினைவிற்கு வருகிறது.

பதினான்கு ஆண்டுகளில் நிலை மாறிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதம், அந்நாட்டு நாடாளுமன்றத்தில் லரிசா வாட்டர்ஸ் என்னும் மேலவை உறுப்பினர் தம் மகளுக்குப் பாலூட்டினார். அடுத்த மாதம் பாலூட்டியவாறே தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். அதற்கு முந்திய ஆண்டே ஐஸ்லாந்து நாட்டு உறுப்பினர் ஒருவர் குழந்தை பால் அருந்தும்போதே மேடையேறிப் பேசினார். மன்றங்களின் மாண்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

நம் மாநிலத்தில், 2022ஆம் ஆண்டு டிசம்பரில், தேவளாலி தொகுதி உறுப்பினர் சரோஜ் ஆஹிரே இரண்டரை மாதக் குழந்தையுடன் நாகபுரிச் சட்டமன்றக் கூட்டத்திற்கு வந்தார். பின்னர்ச் சட்டமன்றத்தில் ஹிரகணி அறை ஒதுக்கப்பட்டது. ஆயினும் அவ்வறை பயன்படுத்தத்தக்க நிலையில் இல்லையென்று அவரே குறைகூற நேர்ந்தது. பலகை மாட்டுதல் எளிது. நாற்காலி போடுதல் அரிது போலும்!

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் பாலூட்டுதலைத் தாயின் பறிக்கவொண்ணா உரிமை என்றது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், பொது இடங்களில் அறைகள் அமைக்க வற்புறுத்தியதோடு, பொது இடத்திற் பாலூட்டுதலை இழிவாகக் கருதலாகாது என்றும் நினைவூட்டியது. அறையும் வேண்டும், இழிவும் நீங்கவேண்டும். இரண்டையும் பிரித்தலாகாது.

மூத்தோர்க்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர் கூறும் தடையைப் புறக்கணிக்க மாட்டேன். "சபைக்கு ஒரு மரியாதை உண்டு, பிறர் கண்ணுக்கும் மனத்துக்கும் கூச்சம் தரலாகாது" என்கின்றனர். நியாயமே. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து என் மனைவி கைக்குழந்தையோடு முதன்முதல் இங்கு வந்தபோது, இரண்டு இரவுகள் நிறைந்த பெட்டியில் அந்நியர் நடுவே பாலூட்டியே வந்தாள். எதிரிலிருந்த மராட்டியப் பெரியவர் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவே. எவரும் அவளை எழச் சொல்லவில்லை. சந்தையிலும் சாலைப்பணி நடக்குமிடத்திலும் தாய்மார் பாலூட்டுவதை நாள்தோறும் காண்கிறோம், கடந்து செல்கிறோம். நாற்காலி வரிசை போட்டு, மாலை வாங்கி, ஒலிபெருக்கி கட்டிய இடத்தில் மட்டும் அது குற்றமாவது ஏன்? கூச்சம் உடலைப் பற்றியதாயின் எங்கும் ஒன்றாயிருக்க வேண்டுமன்றோ? ஆதலின் இங்கே நாம் காப்பது நாணத்தை அன்று. விருந்தினர்முன் நம் பெருமையை.

பிறந்த குழந்தைக்கு ஒரு பகலிரவில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் வேண்டும் என்பர் மருத்துவர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 64 குழந்தைகளே அவ்வாறு வளர்கின்றன. நம் விழாவோ ஐந்து மணிக்குத் தொடங்கி, நன்றியுரை முடியப் பத்து மணியாகும். அதற்குள் ஒரு குழந்தைக்கு இருமுறையேனும் பசிக்கும். பாலூட்டும் தாய் வெளியே போகவேண்டும் என்றால், அவர் விழாவிற்கே வரவேண்டா என்பதே பொருள். உறவினர் அருகில் இல்லாத இவ்வேற்றூரில், ஓராண்டு முழுதும் குடியிருப்பின் நான்கு சுவருக்குள் குழந்தையோடு இருப்பவர்க்குத் தமிழ்க்குரல் கேட்கும் நாள் இவ்வொருநாளே. அதனையும் நாம் பறிக்கலாமா?

ஆதலால் குழுவினர்க்கு என் பணிவான விண்ணப்பம் இது. ஒன்று: மண்டபத்தை அடுத்த அறையொன்றில் நாற்காலி, விளக்கு, மின்விசிறி, குடிநீர் வைத்துத் தாய்மார்க்கு ஒதுக்குக. தனிமை வேண்டுவோர் அங்குச் செல்லட்டும். இரண்டு: இருந்த இடத்திலேயே இருக்க விரும்பும் தாயை எவரும் எழுப்பலாகாது. விருந்தினர் எவராயினும், அவரும் ஒரு தாயின் மடியிலிருந்து வந்தவரே. அறை என்பது விரும்புவோர் நுழையும் வாயிலாக இருக்கவேண்டும். விரும்பாதோரை அடைக்கும் சுவராகிவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் என் மனைவியோடு அத்தாயின் இல்லத்திற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அப்பவே மறந்துட்டேன் அண்ணா" என்றார். ஆனால் இவ்வாண்டு விழாவிற்கு வருவீர்களா என்று கேட்டபோது விடை கூறாமல் காப்பி கலக்க உள்ளே சென்றார். அவர் வரவேண்டும். முன்வரிசையில் அமரவேண்டும். இம்முறை மகளின் கும்மியைக் காணவேண்டும். அவர் வந்து அமர்ந்தால்தான் நம் சங்கம் சங்கமாகும்.

வாழ்க தாய்மை! வளர்க நம் சங்கம்!