கூட்டத்தின் நடுவே ஒரு கழுதை



ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக் காலத்தில் நான் எடுத்துப் பார்க்கிற ஓர் ஓவியம் உண்டு. பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1566-ஆம் ஆண்டில் தீட்டிய ‘பெத்லகேமில் குடிமதிப்பு’ என்பதே அது. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸிலுள்ள அரச அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பவர் திகைத்துப்போவார். அங்கே யூதேயாவின் மலைநாடு இல்லை. பனி மூடிய ஒரு பிளெமிஷ் கிராமமே இருக்கிறது. குளம் உறைந்திருக்கிறது. பிள்ளைகள் பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். சிலர் பனியுருண்டைகளை எறிகிறார்கள். சத்திரத்தின் முன்பு பன்றி அறுக்கிறார்கள். இலையுதிர்ந்த மரத்தின் பின்னே சிவந்த சூரியன் சாய்கிறது. சத்திரத்தின் ஜன்னலருகே வரி செலுத்துகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

புரூகல் இதை ஓக் மரப்பலகையின்மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். பலகையின்மேல் சுண்ணமும் பசையும் கலந்து பூசி, அதன்மேல் மெல்லிய படலங்களாக வண்ணமிடுவது அக்காலத்து வழக்கம். பனி வெறும் வெள்ளையாயிருப்பதில்லை. சாம்பலும் மங்கிய பழுப்பும் அதில் கலந்திருக்கும். அந்த வெளிறிய நிலத்தின்மேல் ஒவ்வொரு மனித உருவமும் தெளிவாய்ப் பதிகிறது. ஆகவே, எவரும் மற்றவரைவிடப் பெரியவராய்த் தோன்றுவதில்லை.

அப்படியானால், மரியாள் எங்கே? தேடித்தான் காணவேண்டும். முன்புறத்தில், நீல மேலாடை போர்த்திய ஒரு பெண் கழுதையின்மேல் வருகிறாள். அருகில் ஒரு மாடு. அகன்ற தொப்பியணிந்த ஒரு தச்சன் தோளில் ரம்பத்தைச் சுமந்து முன்னே நடக்கிறான். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. ஒருவரும் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்நாளின் சரித்திரத்தையும் நாம் மறவாதிருப்போம். அப்பொழுது நெதர்லாந்து தேசங்களை ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பு ஆண்டான். ஓவியத்திலுள்ள சத்திரத்துச் சுவரில் ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் இருதலைக் கழுகுச் சின்னம் தொங்குகிறது. 1566-இல் அங்கே சமயக் கொந்தளிப்பு எழுந்து, ஆலயங்களின் சொரூபங்கள் உடைக்கப்பட்டன. மறு ஆண்டு ஆல்பா பிரபு படையுடன் பிரஸ்ஸல்ஸுக்கு வந்தான்; பலர் மரணத்தீர்ப்பு அடைந்தனர். அகுஸ்துராயனின் கட்டளையைப்பற்றி வாசித்த அம்மக்களுக்கு அது பழங்கதையாய் இருந்திருக்குமோ? வேற்றரசனுக்கு வரி செலுத்துவது அவர்கள் அன்றாடம் அறிந்த காரியம் அல்லவா?

பிரியமானவர்களே, இந்த ஓவியம் என்னைக் குற்றப்படுத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒரு மாலையில், சபைச் சந்தாப் பேரேட்டில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு தாய் நெடுநேரம் நின்றார். நான் தலை நிமிராமலே, “நாளைக்கு வாருங்கள் அம்மா” என்றேன். அவர் மறுநாள் வரவில்லை. என்ன பாரத்தோடு வந்தார் என்பதை நான் இன்றுவரை அறியேன். அந்த ஜன்னலுக்குள் குனிந்து எழுதுகிற கணக்கன் நானே.

பன்றி அறுத்தவர்களும் விளையாடிய பிள்ளைகளும் துன்மார்க்கர் அல்லர். தங்கள் வேலையில் ஆழ்ந்திருந்தார்கள், அவ்வளவே. நாமும் கேரல் பவனி, அலங்காரம், புத்தாடை, கணக்கு என்று ஆழ்ந்திருப்போம். அவை தீமையல்ல. ஆனாலும் நம் தெருவைக் கடந்துபோகிற ஒரு கழுதையை நாம் காணாமற்போகக்கூடும்.

இந்த வாரம் உங்கள் வாசலில் வந்து நிற்கிற ஒருவரை நிமிர்ந்து பாருங்கள். அவருக்காகச் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, கூட்டத்தின் நடுவே அமைதியாய் வருகிற உம்மைக் கண்டுகொள்ளும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.