கோட்டை பேண்டு வாத்தியமும் காஞ்சியில் தொலைந்த மெட்டும்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, ஓலையை எப்படி எடுக்க வேண்டும் என எல்லாமே கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது.

ஆனால் அதே காலத்தில் கோயில்களில் பாடிய பண்கள் சரியாக எப்படி ஒலித்தன? சொல்வது கடினம். புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் ஸ்வரங்களையே கல்லில் வெட்டி வைத்தார்கள். அதைக்கூட எப்படிப் பாடுவது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். காரணம் எளிது. நம் இசை ஏட்டில் வளரவில்லை, குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போனது. நடுவில் ஒருவர் மறந்தால் போதும், எல்லாம் போச்சு!

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கும் 16, 17ஆம் நூற்றாண்டு இசையைப் பிற்காலத்தில் மறந்துதான் போனார்கள். ஆனால் தாளில் நொட்டேஷன் இருந்தது. அர்னால்ட் டால்மெட்ச் என்பவர் லூட், ஹார்ப்சிகார்ட் போன்ற பழைய வாத்தியங்களைத் திரும்பவும் செய்து, அந்த இசையை வாசித்துக் காட்டினார். 1933இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பழைய இசைக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. 1974இல் அதே ஊரில் ஜோர்டி சவாலும் நண்பர்களும் 'எஸ்பெரியோன் 20' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். நரம்புத் தந்தி கட்டிய வயோலாவில், முந்நூறு நானூறு ஆண்டு பழைய மெட்டுகள் மறுபடி உயிர் பெற்றன.

இந்த இசையின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதுதான் சுவாரஸ்யமான கதை!

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. முதலியாருக்கு ஆங்கிலேயரிடம் செல்வாக்கு உண்டு. அதனால் தீட்சிதர் பிள்ளைகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாத்தியம் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். கர்நாடக சங்கீதத்தில் வயலின் இடம்பிடிக்க அவர் ஒரு முக்கியக் காரணம். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குப் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று அழைக்கப்படும் இவை ஏறத்தாழ 40. கமகம் இல்லாமல், சங்கராபரண ஸ்வரங்களில் நேராகப் போகும் சின்னச் சின்னப் பாட்டுகள். 'சந்ததம் பாஹிமாம்' பாடலின் மெட்டு, 1745இல் லண்டன் நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து! 'ஸ்யாமளே மீனாக்ஷி' இன்று குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு. அதன் பூர்வீகம் 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்.

பிறகு தீட்சிதர் காசிக்குப் போய்த் திரும்பினார். காஞ்சிபுரத்தில் நான்கு ஆண்டுகள் தங்கினார். ஏகாம்பரநாதர் மீது பைரவியில் 'சிந்தய மாகந்த' கீர்த்தனை அந்த ஊரின் நினைவு. அங்கே உபநிஷத் பிரம்மம் என்ற துறவி எழுதிய 'ராம அஷ்டபதி'க்கும் அவர் இசை அமைத்தார். இன்று பாட்டின் வரிகள் மட்டும் இருக்கின்றன. மெட்டு இல்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்த மெட்டு பிழைத்தது. காஞ்சியிலேயே பிறந்த மெட்டு தொலைந்தது. ஒன்றை யாரோ எழுதி வைத்தார்கள், இன்னொன்றை எழுதி வைக்கவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

தீட்சிதரின் மற்ற கீர்த்தனைகளும் அப்படியே போயிருக்கலாம். போகாமல் தடுத்தவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார். சென்னை அரசுப் பணியில் இருந்த கிறிஸ்தவர். 1890களில் கர்நாடக இசையை மேற்கத்திய நொட்டேஷனில் அச்சிடத் தொடங்கி, கைப்பணத்தைச் செலவழித்தார், கண்பார்வையையும் ஏறக்குறைய இழந்தார். பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். குடும்பச் சொத்தாக இருந்த பாடல்களை வெளியிட வேண்டும் என்று சின்னசாமி முதலியார் எட்டயபுரம் அரசரிடமே போய் வேண்டினார். 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு லிபியில் வெளிவந்தது. தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் ஸ்வரத்தோடும் கமகக் குறிகளோடும் அதில் உள்ளன. முதலியார் அதைப் பார்க்கவில்லை. நூல் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டே சுப்பராம தீட்சிதரின் இன்னொரு நூல் பல நோட்டுஸ்வரங்களையும் அச்சில் ஏற்றியது.

நொட்டேஷன் இருந்தால் மட்டும் இசை வந்துவிடாது என்பார்கள். உண்மைதான். கமகத்தைக் குருதான் சொல்லித் தர வேண்டும். ஆனால் எழுதி வைத்ததைத்தான் பிற்காலத்தில் ஒருவர் தேடி எடுக்க முடியும். இன்று அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் நோட்டுஸ்வரங்களை ஆராய்ந்து, மேற்கத்திய வாத்தியங்களோடு பதிவு செய்திருக்கிறார். கோட்டையில் கேட்ட பேண்டு, இருநூறு ஆண்டு கழித்துத் திரும்ப ஒலிக்கிறது.

தேர்தல் விதியைக் கல்லில் எழுதத் தெரிந்த ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான் காஞ்சி இருக்கிறது. ராம அஷ்டபதியின் மெட்டை மட்டும் ஒருவர் ஒரு ஓலையில் எழுதி வைத்திருந்தால்...!