காற்றாலையை நட்டது காற்றா, கணக்கா?

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் பஸ்ஸில் போனவர்கள், காற்று பலமாக வீசுவதால்தான் அங்கே இத்தனை காற்றாலைகள் என்று நினைப்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. தொண்ணூறுகளில் கோவையில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அந்த மறுபாதி கொஞ்சம் தெரியும்.

1973இல் எண்ணெய் விலை ஒரேயடியாக ஏறிய பிறகுதான் டில்லிக்கு மாற்று எரிசக்தியில் அக்கறை வந்தது. 1982இல் அதற்கென்று தனித் துறை ஏற்பட்டது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சோதனைக் காற்றாலைகளை நிறுவியது. காற்று போதும் என்று தெரிந்தது, பணம்தான் இல்லை. 1991இல் தங்கத்தை அடகு வைத்த அரசல்லவா!

அதனால் அரசு கையிலிருந்து கொடுக்காமல், வர வேண்டிய வரியை விட்டுக்கொடுத்தது. காற்றாலையின் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்கலாம். ஒரு கோடிக்கு வாங்கினால் கணக்கில் லாபம் ஒரு கோடி குறையும். கம்பெனி வரி 40 சதவீதத்துக்கு மேல் இருந்த காலம். 40 லட்சத்துக்கு மேல் அந்த வருஷம் மிச்சம். ஆடியில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்து, பிறகு மில்லில் செலவழிக்கவும் வழி இருந்தது. மில் முதலாளிகள் விடுவார்களா? மார்ச் 31க்குள் யந்திரம் ஓடியாக வேண்டும் என்று பறப்பார்கள். ஆடிக் காற்றுக்காக நிற்க வேண்டியது, பங்குனிக் கணக்குக்காக எழும்பியது.

கோளாறும் அங்கேதான். சலுகை நட்டதற்கு, சுற்றியதற்கு இல்லை. உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது. அதுவும் சிறப்புத் தேய்மானமும் 2012 மார்ச்சோடு நின்றன. நாடு முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 3,200 மெகாவாட் நிறுவியது, அடுத்த வருஷம் சுமார் 1,700 ஆகச் சரிந்தது. காற்று அதே காற்றுதான். 2014இல் சிறப்புத் தேய்மானத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். 2017இல் ஏலமுறை வந்து, விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 பைசாவுக்கு இறங்கியது. களம் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது.

சலுகை வீண் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாடு 10,000 மெகாவாட்டைத் தாண்டியதற்கு அந்த முதல் தள்ளு பெரிய காரணம். ஆனால் வரியை விட்டது டில்லி. லைன் இழுக்க வேண்டியது மாநில வாரியம். லைன் போதாமல், நல்ல காற்று நாளிலேயே காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

இப்போது மொட்டைமாடி சோலாருக்கு, 3 கிலோவாட் என்றால் 78,000 ரூபாய் மத்திய மானியம். இதுவும் மாட்டுவதற்குத்தான். போடுங்கள், நல்லதுதான். ஐந்தாம் வருஷம் பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.