அட்டையில் ஒட்டி வந்த சிடி

கணினி இதழ்களின் அட்டையோடு ஒட்டி இலவசமாக வந்துகொண்டிருந்த சிடி காலமாகிவிட்டது. ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் டிவிடியாகப் பெருத்தது. பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாக அதைக் கைகழுவின. துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. கிடைத்தது என்றுதான் பெயர். 56 கே மோடம் தன் முழு வேகத்தில் ஓடினாலும், ஒரு சிடியில் அடங்கும் 650 எம்பியை இறக்கி முடிக்க 24 மணி நேரத்துக்கும் மேலாகும். அவ்வளவு நேரமும் வீட்டு டெலிபோன் எங்கேஜ். மீட்டர் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் சிப், அதன் வாரிசான டிஜிட், பிசி குவெஸ்ட் போன்ற இதழ்கள் மாதா மாதம் ஒரு மென்பொருள் கடையையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பிசி குவெஸ்ட் லினக்ஸையே சிடியில் போட்டுக் கொடுத்தது. பலர் வீட்டுக்கு லினக்ஸ் வந்து சேர்ந்த வழி அதுதான்.

இதழைப் படிப்பதெல்லாம் அப்புறம். முதல் வேலை, அட்டை கிழியாமல் பசையிலிருந்து உறையைப் பிரித்தெடுப்பது. டிரைவுக்குள் தட்டைத் தள்ளினால் மிக்ஸி போல ஓர் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ஆட்டோரன் தயவால் மெனு தானாகவே திரையில் வந்து நிற்கும். வின்ஆம்ப்பை ஏற்றி அதன் தோலை மாற்றி மாற்றிப் பார்ப்பது, இர்ஃபான்வியூவில் குடும்பப் படங்களைத் திறப்பது, போட்டோஷாப்பின் 30 நாள் பதிப்பில் மாமாவின் வழுக்கையில் முடி நடுவது என்று ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வின்ஜிப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இது எத்தனையாவது நாள் என்று மரியாதையாகச் சொல்லிக் காட்டும். வின்ரார் 40 நாள்தான் கெடு என்று கறாராக அறிவிக்கும். நாற்பத்தோராம் நாளும் வேலை செய்யும். கெடு முடிந்த சில மென்பொருள்களைக் கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றிவிடலாம் என்பது தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம்.

முதலில் பயன்படுத்திப் பார், பிறகு பணம் கட்டு என்ற இந்த ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1982-ல் ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் பிசி-டாக்கையும், ஜிம் நாஃப் பிசி-ஃபைலையும் ஒரு வேண்டுகோளோடு வெளியில் விட்டார்கள்: நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள். 1993-ல் டூம் விளையாட்டும் முதல் பாகத்தை இலவசமாக விட்டு, மீதிக்கு மட்டும்தான் காசு கேட்டது. ஷேர்வேர் என்ற அந்த வியாபாரம் நம்பிக்கையின் மேல் நடந்தது. நம் ஊரில் பணம் அனுப்பியவர்கள் சொற்பம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டாலரில் கட்டக் கிரெடிட் கார்டு யாரிடம் இருந்தது?

செத்தவர் என்பதற்காகப் புகழ்ந்து மட்டும் எழுத முடியாது. சிடியில் இருந்ததையெல்லாம் ஏற்றிப் பார்த்த கணினி தீபாவளிக்குள் படுத்துவிடும். நீக்கிய பிறகும் ரெஜிஸ்ட்ரியில் எச்சம் கிடக்கும், பிரவுசரின் தலையில் டூல்பார்கள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். கடைசியில் சி டிரைவை ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனால் அப்படிப் போட்டுப் போட்டே கணினி கற்றவர்கள் ஒரு தலைமுறை இருக்கிறார்கள்.

சாவுக்குக் காரணம் ஊரறிந்தது. 2005-ல் பிஎஸ்என்எல் அகலக்கற்றை வந்தது. அதன் ஒரு திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. டவுன்லோடை ஓடவிட்டுத் தூங்கினார்கள். 2008-ல் வந்த மேக்புக் ஏரில் சிடி டிரைவே இல்லை. பின்னால் மற்ற மடிக்கணினிகளும் அதே வழியில் போயின.

தட்டு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு போன ஒரு நியாயத்தை நினைத்தால்தான் வருத்தம். அந்தச் சோதனைப் பதிப்பு நம் பெயர் கேட்கவில்லை, கைபேசி எண் கேட்கவில்லை. முப்பது நாள் கழித்து நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா நின்றுவிடும். இன்று இலவசமாகப் பார்க்க வேண்டுமானாலும் பல இடங்களில் முதலில் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் பணம் போகும். 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து மாதா மாதம் தானாகப் பணம் போவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே கார்டு கொடுத்த வங்கி தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே போட வேண்டியிருந்தது. பிடிக்கவில்லை என்பதற்கு ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்ற பழைய முறை வாங்குபவருக்கு மரியாதை தந்தது. இன்றைய முறை நம் மறதியில் சம்பாதிக்கிறது.

பரணில் பழைய சிடிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூக்கிப் போடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் டாப், டாம், டிஸ்கி என்று வெவ்வேறு குறியீடுகளில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் எழுத்துருவோ மாற்றியோ இல்லாமல் குப்பையாகத்தான் தெரியும். 2005-ல் மத்திய அரசு இலவசமாக வெளியிட்ட தமிழ் மென்பொருள் சிடி போன்றவற்றில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் சிடியின் பலவீனமான பக்கம். தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அங்கே ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அது உரிந்தால் மீட்க முடியாது. யாரிடமாவது வெளி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து வையுங்கள்.